அரை நாள் வேலை

குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டும் பட்டறை அது. அங்கே யாரும் வயதைக் கேட்பதில்லை. மில் வேலையை விட்டுவிட்டு வந்த குழந்தைவேலுவுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவள் பூங்கோதை.

அவர் செய்தது இதுதான். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, அவளிடம் சொல்லாமல், அந்தப் பட்டறை எஞ்சினில் பந்தயம் ஓட்டும் பையன் மாறனுடைய காரின் ராக்கர் ஆர்ம்களை மாற்றினார். வால்வை அமுக்கித் திறக்கும் கை அது. ஒன்றரை மடங்கு திறப்பதை எடுத்துவிட்டு, ஒன்று புள்ளி ஏழு மடங்கு திறப்பதைப் போட்டார். வால்வு கூடுதலாகத் திறந்தால் காற்று கூடுதலாக உள்ளே போகும், கார் பறக்கும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஒரு பெரிய அணி மாறனை எடுத்துக்கொள்வதாக இருந்தது. பையன் ஜெயிக்கட்டும் என்றுதான் செய்தார்.

கார் பறக்கத்தான் செய்தது. ஏழாவது சுற்றில், எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, வால்வு பிஸ்டனில் இடித்து எஞ்சின் நொறுங்கியது. மாறன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நடந்தே வந்தான். "பரவால்லீங்க" என்றான். அந்த அணி வேறொருவனை எடுத்துக்கொண்டது. மாறன் அதற்கப்புறம் பட்டறைப் பக்கமே வரவில்லை.

குழந்தைவேலு அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டார். பூங்கோதை வாயைத் திறக்கவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. பத்து நாளாக மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோராம் நாள் கேட்டார்.

"அம்மிணி, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல எவ்வளவு எடம் பத்தாமப் போச்சுங்க?"

அவள் அதே மாதிரி இன்னொரு எஞ்சினைக் காட்டினாள். "ஹெட்டக் கழட்டுங்ண்ணா. பிஸ்டன் மேல கொஞ்சம் களிமண்ண அப்புங்க. நீங்க போட்ட அதே அளவு ராக்கரப் போட்டு மூடுங்க. கையில ரெண்டு சுத்து சுத்திட்டுத் தொறந்து பாருங்க."

செய்தார். திறந்து பார்த்தார். வால்வு அமுங்கிய இடத்தில் களிமண் வெங்காயத் தோல் கனம்தான் இருந்தது. கையால் சுற்றும்போதே இந்த லட்சணம். பந்தய வேகத்தில் எங்கே தப்பும்?

"இதுக்கு எத்தன நேரமாச்சுங்ண்ணா?"

"அரை நாளுங்க."

அரை நாள் என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார். அழுகை வந்துவிட்டது.

"அந்தப் பையன் பொழப்பக் கெடுத்துப்போட்டனுங்க. நீங்க ஏனுங்க அம்மிணி என்னய ஒரு வார்த்தகூடத் திட்டல?"

பூங்கோதை பிஸ்டனில் இருந்த களிமண்ணைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பந்தயத்துக்கு மொத நாள், சனிக்கெழம ஓட்டிப் பாத்தப்பவே எஞ்சின் சத்தம் மாறியிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுதுங்ண்ணா. என்ன மாத்துனீங்கன்னு அப்பவே உங்களக் கேட்டிருக்கோணும். ஆனா அன்னைக்கு மாறன்தான் எல்லாருக்கும் முன்னால வந்துட்டிருந்தான். நான் கேக்கல."