விளக்கு மலையேறிய கதை

நெருப்புக்கு வாயும் மாட்டுக்குப் பேச்சும் இருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கொம்பாயி என்றொரு பெண் இருந்தாள்.

அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு சுடர் உண்டு. மலை உச்சியில் பிறக்கும் சுடர்கள், கூப்பிட்டவர் வீட்டுக்கு இறங்கிவந்து அகலில் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய் ஊற்றினால் குடிக்கும். வெளிச்சம் கொடுக்கும். வீட்டாரோடு நல்லது பொல்லாதது பேசிக்கொண்டிருக்கும். கொம்பாயியின் புருஷன் பெருமலை பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டுக்கு ஒரு சுடர் வந்துவிட்டது. அது அவனைத் தம்பி என்றுதான் அழைக்கும். அதனால் வாக்கப்பட்டு வந்த நாள் முதல் கொம்பாயிக்கு அது மதினி.

கொம்பாயி பொல்லாதவள் இல்லை. ஆனால் அவளிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. எது எப்படிக் கெட்டுப்போகிறதோ அதற்குரிய சொல் அவள் நாக்கில் தயாராக இருக்கும். கீரை வதங்குவது வேறு, பூ வாடுவது வேறு என்பாள். துணி நைந்துபோகும், கயிறு இற்றுப்போகும், குளம் வற்றும், ஆள் தளர்வான் என்று ஒவ்வொன்றையும் அதனதன் சொல்லால் சொல்லிவிடுவாள். ஊரில் மாடு படுத்தால் அவளைத்தான் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பக்கத்து வீட்டுச் சடையனின் எருமை தீனி எடுக்காமல் நின்றபோதும் அப்படித்தான். கொம்பாயி அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓய்ஞ்சு போச்சு" என்றாள். எருமை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. ஒன்றும் பேசவில்லை. மெதுவாக முன்னங்காலை மடித்துப் படுத்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. கொம்பாயி சொன்னால் தப்பாது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. இலுப்பை பூக்காததால் விளக்குக்கு எண்ணெய் இல்லை. அந்த வருஷம்தான் பெருமலைக்குக் காய்ச்சல் கண்டது. உழவுக்கும் போகாமல், உட்காரவும் முடியாமல் சுவரோரம் படுத்தே கிடந்தான். பார்க்க வந்தவர்கள் அந்தக் காலத்து வழக்கப்படி கண்ணில் பட்டதை அப்படியே சொன்னார்கள். எலும்பு தெரிகிறது என்றார் ஒருவர், கண் உள்ளே போய்விட்டது என்றார் இன்னொருவர். சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். பெருமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

ஒருநாள் பகலில் சுடர் கொம்பாயியைக் கூப்பிட்டது. "வர்றவங்களைக் கொஞ்சம் பார்த்துப் பேசச் சொல்லு, கொம்பாயி. தம்பி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்கான்."

"இருக்கிறதைத்தானே சொல்றாங்க, மதினி?" என்றாள் அவள்.

கோடை ஏற ஏறச் சுடர் சிறுத்துக்கொண்டே வந்தது. முன்பு கூரை வரைக்கும் வெளிச்சம் எட்டும். இப்போது அகலின் விளிம்பைத் தாண்டவில்லை. ஆனாலும் பொழுது சாய்ந்ததும் பெருமலையோடு பேச்சை ஆரம்பித்துவிடும். சின்ன வயதில் அவன் எறும்புப் புற்றில் உட்கார்ந்துவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்ததை எல்லாம் சொல்லும். அவன் சிரிப்பான். சிரிக்கிற அன்றைக்குக் கஞ்சி கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.

அன்று சாயங்காலம் கொம்பாயி வெகுதூரம் நடந்து, பாதிக் குடம் தண்ணீரோடு வீடு திரும்பினாள். ஊற்றடியில் காத்துக் கிடந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் இருட்டு. சுடர் ஒரு நெல்மணி அளவுக்கு நின்றுகொண்டிருந்தது. அலுப்பெல்லாம் எரிச்சலாகத் திரண்டு வந்தது அவளுக்கு. குடத்தை இறக்கிவைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

"ஒடுங்கிப் போச்சு. இனிமே தேறாது. அணையப் போறது இன்னிக்கு அணைஞ்சா என்ன, நாளைக்கு அணைஞ்சா என்ன."

பெருமலை மெல்லப் புரண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"யாரைச் சொன்னே?" என்று கேட்டது சுடர்.

"உங்களைத்தான் சொன்னேன், மதினி."

"அவன் காதுல அப்படி விழலையே." என்றது சுடர். "நான் ஒடுங்கவும் இல்லை. அகலை எட்டிப் பாரு, எண்ணெய் கிடக்கு. மழை வர்ற வரைக்கும் தம்பி பக்கத்துல இருக்கணும்னு குடிக்காம வச்சிருந்தேன். சின்னதா நின்னா நாள் கூட வரும்ல."

கொம்பாயி எட்டிப் பார்த்தாள். அகலில் எண்ணெய் பளபளத்தது. அவள் நிமிர்வதற்குள் சுடர் திரியை விட்டு இறங்கிவிட்டது. தரையைக் கடந்து வாசற்படி தாண்டிப் போனது. அணைந்தால் என்ன என்று இந்த வீட்டில் கேட்ட பிறகு இங்கே எரிய மனம் வரவில்லை, பிறந்த இடத்துக்கே போகிறேன் என்றது. வேலிக்கு அப்பால், பாறைகளுக்கு நடுவே, ஒரு சின்னப் புள்ளியாக அது மேலே ஏறிப் போவதைக் கொம்பாயி பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளே வந்து இருட்டில் தடவிப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களைச் சொல்லலீங்க" என்றாள்.

"தெரியும்" என்றான் அவன். கொஞ்சம் கழித்து, "ஆனா நீ சொன்னா அது சரியாத்தான் இருக்கும், கொம்பாயி" என்றான்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. ஊரெல்லாம் நம்பியதை அவனும் நம்பினான், அவ்வளவுதான். அப்போதுதான் அவளுக்கு எருமையின் நினைவு வந்தது. அது தலையைத் திருப்பிப் பார்த்த பார்வையும், முன்னங்காலை மடித்த விதமும் கண் முன்னே வந்து நின்றன. ஓய்ந்துபோயிருந்ததால்தான் நான் அப்படிச் சொன்னேனா, நான் சொன்னதால்தான் அது ஓய்ந்ததா என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். உச்சிப் பாறையின் பிளவில் சுடர் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. கொம்பாயி விழுந்து கும்பிட்டாள். தெரியாமல் சொல்லிவிட்டேன், எனக்காக இல்லாவிட்டாலும் உங்கள் தம்பிக்காக வாருங்கள் என்று அழுதாள்.

"வர்றேன்" என்றது சுடர். "வெளிச்சம் கொடுக்கிறேன், சோறு வேக வைக்கிறேன். ஆனா இனிமே பேசமாட்டேன். பேச்சு இருந்தா மனசு இருக்கும். மனசு இருந்தா நீங்க சொல்றதெல்லாம் சுடும்."

அதுதான் அது கடைசியாகப் பேசியது. மற்ற வீட்டுச் சுடர்களும் நடந்ததைக் கேள்விப்பட்டு வாயை மூடிக்கொண்டன.

சட்டியில் வெளிச்சத்தோடு கொம்பாயி வந்து நின்றபோது பெருமலை முகத்தைத் திருப்பி, "அக்கா" என்றான். பதில் வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தான். பிறகு புரிந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு கொம்பாயி தினமும் காலையில் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, "இன்னிக்கு முகம் தெளிஞ்சிருக்குங்க" என்பாள். தெளியவில்லை என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். வாழ்நாளில் அவள் தெரிந்தே சொன்ன முதல் பொருந்தாத சொல் அது. பெருமலை அதைக் கேட்டுச் சிரிப்பான். இருந்தாலும் சுடரின் பேச்சு இல்லாத வீட்டில் அவனுக்குக் கஞ்சி இறங்கவில்லை. மழை மேகம் மலை மேல் கட்டி நின்ற ஒரு நாளில், அது பெய்வதற்கு முன்பே அவன் போய்ச் சேர்ந்தான்.

பிறகும் ஊரார் மாட்டைக் காட்டவும் கயிற்றைக் காட்டவும் கொம்பாயியைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. ஒருநாள் சடையனின் பெண்டாட்டி நெருப்பு வாங்க வந்தாள். எண்ணெய் தீர்ந்து வெறுமையாய்க் கிடந்த அகலைப் பார்த்துவிட்டு, அணைஞ்சுபோச்சா என்று கேட்டாள். "மலையேறிடுச்சு" என்றாள் கொம்பாயி. அரிசியாவது இருக்கிறதா என்று வந்தவள் பானையை எட்டிப் பார்த்தபோது, கொம்பாயி அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "நிறைஞ்சிருக்கு" என்றாள். வந்தவளுக்குப் புரிந்தது. தன் வீட்டுக்குப் போய் அவளும் அப்படியே சொன்னாள். அவளிடம் கேட்டவர்களும் சொன்னார்கள்.

அந்தக் கோடையிலிருந்துதான் நம் வீடுகளில் விளக்கு அணைவதில்லை, மலையேறுகிறது. அரிசி தீர்வதில்லை, நிறைந்திருக்கிறது. படுத்துக் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "போன தடவைக்கு இப்போ தேவலையே" என்கிறார்கள். சுடர் மட்டும் அத்தனையையும் கேட்டுக்கொண்டு, இன்னும் வாய் திறக்காமல் எரிகிறது.