ஒற்றைச் சொல்லும் பறந்துபோன தலைப்பாகையும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு இங்கிலீஷ் பித்துப் பிடித்தது. எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள், பித்துப் பிடிக்காத ராஜா எந்த ஊரில் இருந்தார்? வெள்ளைக்காரர் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி நரசிங்கராயர்தான் பாடம் சொன்னவர். அரண்மனையில் பல்லக்குத் தூக்குகிறவர்கள்கூட இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று உத்தரவாயிற்று.

பல்லக்கைப் பின்னால் தூக்கி வருகிறவர்களுக்கு வழி தெரியாது. முன்னால் தூக்குகிறவன்தான் கல், பள்ளம் என்று குரல் கொடுத்துக்கொண்டே ஓடுவான். ஒருநாள் குறுக்கே பாம்பு வந்தது. முன்னால் போன வீரணன் "ஸ்டாப்!" என்று கத்தினான். பல்லக்கு நின்றது, ராஜா பிழைத்தார்.

துபாஷிக்குத்தான் பொறுக்கவில்லை. "மன்னர்பிரானே! ஒற்றைச் சொல் வாக்கியமாகாது. யார் நிற்பது, எதற்காக நிற்பது, ஒன்றுமே அதில் இல்லை. இந்த அரைகுறைக்குக் கசையடி கொடுத்து விரட்ட வேண்டும்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார். அட, இதுவும் ஒரு நியாயமா!

"சாமி, நான் புள்ளகுட்டிக்காரன். முழுசாச் சொல்லிக்கிட்டிருந்தா மகாராசாவப் பாம்பு புடுங்கியிருக்குமே!" என்று வீரணன் அழுதான்.

அவையில் இருந்த விகடகவி மருதப்பன் எழுந்தான். "துபாஷியார் சொல்வதே சரி, மன்னா. அவரே பல்லக்கில் ஏறட்டும். நான் முன்னால் ஓடி முழு வாக்கியமாகக் குரல் கொடுக்கிறேன். வாக்கியம் முடிந்த பிறகு நின்றால் போதும்."

எப்போதும் தன்னைக் கிண்டல் செய்கிறவன் இன்று தன் கட்சிக்கு வந்துவிட்டானே என்று துபாஷி பூரித்துப்போய் ஏறிக்கொண்டார். ராஜா குதிரையில் கூடவே வந்தார். வீரணனும் அழுதுகொண்டே பின்னால் ஓடிவந்தான்.

மருதப்பன் நேரே எருமைகள் புரளும் சேற்றுக்குட்டைப் பக்கம் ஓடினான். குட்டை கண்ணில் பட்டதும் நிதானமாக ஆரம்பித்தான்.

"மை டியர் பியரர்ஸ், ஐ ஹாவ் தி ஹானர் டு இன்ஃபார்ம் யூ..."

குட்டை நெருங்கியது.

"...தட் இன் ஃபிரண்ட் ஆஃப் அவர் ரெஸ்பெக்டட் துபாஷி..."

"ஸ்டாப்!" என்று அலறினார் துபாஷி.

பல்லக்கு சடக்கென்று நின்றது. ஆள் தப்பினார். தலைப்பாகை மட்டும் பறந்துபோய் ஓர் எருமையின் கொம்பில் உட்கார்ந்துகொண்டது.

"நான் இன்னும் முடிக்கவே இல்லையே, துபாஷியாரே!" என்றான் மருதப்பன். "தாங்கள் சொன்னது ஒற்றைச் சொல். அது வாக்கியமே இல்லையென்றால் இவர்கள் எப்படி நின்றார்கள்?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மருதப்பனுக்குப் போட்டார். வீரணனைக் கூப்பிட்டு, "உன் இடம் உனக்கே. நீ கத்தியதால்தான் நான் இன்று சிரிக்கிறேன்" என்றார். வீரணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்லக்கின் முன்கொம்பைத் தோளில் ஏற்றினான்.

துபாஷியை இறக்கிவிட்டு ராஜா ஏறி அமர்ந்தார். "கோ!" என்றார்.

துபாஷி வாயைத் திறந்தார். எருமையைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.