தண்ணீரையே பார்த்த முக்குளிப்பான்

ஆவாரங்குளத்தில் முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை ஜோடி ஒன்று இருந்தது. கணவன் சுழியன், மனைவி குமிழி. குமிழி முட்டையிட இன்னும் ஆறே நாள்தான் இருந்தது.

முக்குளிப்பான் மரத்தில் கூடு கட்டாது. நீர்ப்பாசியைக் குவித்து, கோரைத் தண்டில் தளர்வாகப் பிணைத்து, தண்ணீரிலேயே மிதக்கவிடும். தண்ணீர் ஏறினால் கூடும் ஏறும். இறங்கினால் இறங்கும். அதில் குமிழிக்கு ஒரு பயமும் இல்லை. தினமும் நாலு வாய் பாசி சேர்த்தால் கூடு தானாகக் கனத்துவிடும்.

சுழியனின் காதோ எப்போதும் படித்துறைத் தவளையிடம்தான் இருந்தது.

"ஏறுது! ஏறுது!" என்று தவளை கத்தியது. வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது.

"பார்த்தியா குமிழி! மேலேருந்து எண்ணினா நேத்து நாலாம் படியில இருந்த தண்ணி இன்னிக்கு மூணாம் படிக்கு வந்துடுச்சு! நம்மளை மாதிரி யோகக்காரங்க யாரு!" என்று சுழியன் துள்ளியது.

"சரிங்க. பாசி எங்கே?"

"இன்னிக்கு எதுக்குப் பாசி? கூடுதான் தானா ஏறுதே!"

மறுநாள் மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டார்கள்.

"இறங்குது! இறங்குது!"

"போச்சு! எல்லாம் போச்சு! கூடு சேத்துல உட்காரப் போகுது!" என்று சுழியன் அலறியது. குமிழி தடுப்பதற்குள் நாமக்கோழியிடம் ஓடிவிட்டது.

அந்தக் குளத்தில் கூடு கட்டும் இடங்களைப் பேசி மாற்றிவிடுவது நாமக்கோழிதான். அதற்குத் தரகாகப் பாசி வாங்கிக்கொள்ளும்.

"ஆழமான இடம் ஒண்ணு இருக்கு தம்பி. ஆனா இன்னிக்கு எல்லாருமே ஆழம்தான் கேக்குறாங்க. உன் கூட்டுல பாதியைக் குடுத்துடணும்."

"எடுத்துக்கோங்க அண்ணே!"

மிச்சக் கூட்டை இருவரும் நடுக்குளத்துக்கு இழுத்துப்போனார்கள். இரண்டு நாள் கழித்து மழை கொட்டியது.

"ஏறுது! ஏறுது!"

"ஐயோ, இங்கே அலை அடிக்குமே! பழைய இடமே நல்லா இருந்துச்சே!" சுழியன் மறுபடியும் ஓடியது.

"இன்னிக்கு எல்லாருமே கரையோரம்தான் கேக்குறாங்க தம்பி," என்று நாமக்கோழி அலகைத் துடைத்துக்கொண்டது. இருந்ததில் பாதி போயிற்று.

குமிழிக்குப் பொறுக்கவில்லை.

"கிளம்புன இடத்துக்கே திரும்பி வர்றதுக்கா இவ்வளவையும் குடுத்தீங்க?"

"நிலைமை அப்படி இருந்துச்சு குமிழி..."

"என்ன பெரிய நிலைமை? சும்மா இருந்திருந்தா இதே இடத்துல முழுக் கூட்டோட இருந்திருப்போம்!"

"உனக்குக் குளத்தைப் பத்தி என்ன தெரியும்? தவளையைக் கேளு!"

"தவளை ஏறுது, இறங்குதுன்னுதான் சொல்லுது. ஓடுன்னு எப்போ சொல்லுச்சு?"

சுழியன் யோசித்தது. பிறகு இறகைக் கோதிக்கொண்டது. குமிழி தலையைத் தண்ணீருக்குள் விட்டு, ஒரு கத்துக் கத்திவிட்டு வெளியே எடுத்தது.

ஆறாம் நாள் முதல் முட்டை வந்தது. அன்றைக்குக் கூடு அல்லி இலை கனம்கூட இல்லை. முட்டை மெல்ல உருண்டது. பாசி விலகியது. 'ப்ளக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இருவரும் அந்த ஓட்டையையே பார்த்தார்கள்.

"இறங்குது! இறங்குது!" என்றது தவளை.

சுழியனின் கழுத்து நாமக்கோழி இருந்த பக்கம் திரும்பியது.

"போனா அப்படியே போயிடுங்க!" குமிழி குறுக்கே நீந்தி வந்தது. "நாளைக்கு அடுத்த முட்டை வந்துடும். அதையும் குளத்துக்குக் குடுக்கப் போறீங்களா? முங்கிப் பாசி எடுத்துட்டு வாங்க!"

சுழியன் முங்கியது. அடியில் தவளையின் குரல் கேட்கவில்லை. வாய் நிறையப் பாசியோடு மேலே வந்தது.

"குமிழி, தண்ணி இப்போ ஏறுதா, இறங்கு..."

"பாசி போதலை. முங்குங்க!"

மறுபடி வந்தது. "ஒரே ஒரு தடவை மட்டும் சொல்லிடேன், எத்தனாவது படி..."

"முங்குங்க!"

மத்தியானத்துக்குமேல் அது கேட்பதையே விட்டுவிட்டது. மறுநாள் முட்டை வந்தபோது கூடு தாங்கியது. அதன்பின் வந்த மூன்றையும் தாங்கியது.

அடுத்த மூன்று வாரத்தில் தண்ணீர் இரண்டாம் படிவரை ஏறியது, ஆறாம் படிவரை இறங்கியது. கூடும் கூடவே போய்வந்தது. நடுவில் ஒருநாள் நாமக்கோழி வந்து, "தம்பி, அருமையான இடம் ஒண்ணு..." என்று ஆரம்பித்தது.

"நேரமில்லை அண்ணே!" என்று சுழியன் முங்கிவிட்டது.

நாலு குஞ்சுகள் பொரிந்தன. நாலும் அப்பாவின் முதுகில் ஏறிக்கொண்டு குளத்தைச் சுற்றின. குமிழி அந்த நாலு தலைகளையும் எண்ணி முடித்தது. முடித்த பிறகும் அதன் கண் இன்னொன்றைத் தேடியது.

குளத்தைப் போலத்தான் சந்தையும்: விலை ஏறியதும் துள்ளி, இறங்கியதும் பதறி இடம் மாறிக்கொண்டே இருப்பவர், சந்தை பறிக்காத முதலீட்டையும் தம் கையாலேயே கரைத்துவிடுவார்.