மூன்று காரிகள்

வெள்ளியூர் மன்னர் அதிவீரனுக்குத் தன் முரசுக் காவல் மேல் அபார நம்பிக்கை. எல்லையில் மலைக்கு மலை ஒரு காவலன். பகைவர் தலை தெரிந்தால், முதலில் தன் பெயருக்கான தாளத்தை அடிப்பான். பிறகு சேதியை அடிப்பான். அடுத்த மலைக்காரன் அதைக் கேட்டுத் தானும் அடிப்பான். கண்மூடித் திறப்பதற்குள் சேதி அரண்மனைக்கு வந்துவிடும்.

ஒருநாள் காலை, காரி என்ற காவலனின் தாளம் கேட்டது. "வடக்கே பகைவர்!" படை வடக்கே ஓடியது. அங்கே ஒரு ஈ காக்கைகூட இல்லை. அதற்குள் தெற்கே புகுந்த பகைவர்கள் ஊர் மாடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விசாரித்தால், ஒரே நேரத்தில் மூன்று மலைகளிலிருந்து காரியின் தாளம் ஒலித்திருக்கிறது!

மூன்று பேரையும் பிடித்து வந்தார்கள். மூவர் கையிலும் அரச முத்திரை. மூவரும், "நான்தான் காரி" என்று சாதித்தார்கள்.

"முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லுங்கள்" என்றார் மன்னர்.

அமைச்சர் நீதிவாணர் தொண்டையைச் செருமினார். "காவல் மலைகளுக்கு நாங்கள் யாரும் போனதில்லை, மன்னா. எந்த மலையில் எந்தக் காவலன் என்பதும் தெரியாது. முத்திரை இருந்தால் போதும் என்று இருந்துவிட்டோம்." பிறகு முத்திரைகளை உற்றுப் பார்த்தார். "இதுதான் நன்றாகப் பளபளக்கிறது. இவனே காரி!"

மன்னருக்குப் பொறுக்கவில்லை. "மூன்று பேரையும் கழுவில் ஏற்றுங்கள்!"

அவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன வல்லபன் எழுந்தான். "அதில் ஒருவன் நம் ஆள், மன்னா. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்." மூவரிடமும் திரும்பினான். "காவல் மேடையில் வசதியெல்லாம் எப்படி?"

"ஒரு குறையும் இல்லை. எல்லாம் அமைச்சர் புண்ணியம்" என்றான் முதலாமவன்.

"சொர்க்கம், ஐயா!" என்றான் இரண்டாமவன்.

மூன்றாமவன் முகம் சிவந்தான். "வசதியா? கூரை ஒழுகுது! முரசு நனைஞ்சு தொப்பு தொப்புங்குது! எத்தனை தடவை சொல்லி அனுப்பினாலும் 'ஆகட்டும் பார்க்கலாம்'கிறாங்க. முதல்ல கூரையை மாத்துங்க, அப்புறம் கழுவுல ஏத்துங்க!"

"இவன்தான் காரி" என்றான் வல்லபன்.

மற்ற இருவரும் வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். காவலர்கள் மடக்கிப் பிடித்தார்கள்.

"எப்படியப்பா கண்டுபிடித்தாய்?" என்று கேட்டார் மன்னர்.

"முத்திரையையும் தாளத்தையும் எவனும் நகலெடுக்கலாம், மன்னா. நம் அமைச்சரின் நிர்வாகத்தை நகலெடுக்க எவனால் முடியும்?"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வல்லபனுக்குப் போட்டார். "இனி எந்தத் தாளம் கேட்டாலும், பக்கத்து மலைக்காரன் புதிதாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும். எல்லா மேடைகளின் குறைகளையும் உடனே சரிசெய்ய வேண்டும்!"

வல்லபன் பதறினான். "ஐயோ மன்னா! குறையெல்லாம் தீர்ந்துவிட்டால் நம் ஆளை எப்படி அடையாளம் காண்பது?"

"கவலைப்படாதே" என்றார் மன்னர். "அந்த வேலையை அமைச்சரிடமே ஒப்படைத்திருக்கிறேன்."