முப்பிடாதிக்கு ஒரு பதில்

பல்கலைக்கழக நூலகத்துக்கு ஃபேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப் எண்ணும் உண்டாக்கியவர் உதவி நூலகர் இருதயராஜ். சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் உயிரைக் கொடுத்து உழைத்தார். நாலாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். துணைவேந்தரே மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்.

நூலகர் மெஹருன்னிசா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் தொழிலை இந்த அம்மாவிடம்தான் கற்றேன் என்று இருதயராஜ் வாய் நிறையச் சொல்வார். அன்று காலை அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றபோது இருதயராஜின் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், முப்பிடாதின்னு ஒரு ஆராய்ச்சி மாணவி. ஆய்வேட்டை வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தா."

எங்கிருந்தும் காப்பியடிக்கவில்லை என்று நூலகம் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். அது இல்லாமல் ஆய்வேட்டை யாரும் கையால்கூடத் தொடமாட்டார்கள்.

"எப்ப அனுப்பினா?"

"மூணு வாரமாச்சு. பன்னிரண்டாம் தேதி கடைசி நாள்னும் எழுதியிருந்தா."

"இன்னிக்குப் பதினாலு. நீங்க என்ன பண்ணீங்க?"

"கட்டைவிரல் போட்டேன் மேடம்."

அன்றைக்கு மட்டும் இருநூறு செய்தி. எல்லாவற்றுக்கும் போட்டதுபோல் அதற்கும் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு மறந்தே போனார். பிறகு அவள் நாலு தடவை கேட்டிருக்கிறாள். நாலு தடவையும் படிக்காமலே கட்டைவிரல். சார் பார்த்துவிட்டார், வேலை நடக்கிறது என்று அவளும் நம்பி இருந்துவிட்டாள். பாவம், வேறென்ன செய்வாள்?

மெஹருன்னிசா பதிவாளருக்குப் போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தார். ஒருமுறை காலக்கெடுவை நீட்டித்தாயிற்று, இனி முடியாது, அவளுடைய ஆய்வுப் பதிவு ரத்து என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

"பாவி நான், ஆறு வருஷப் படிப்பைக் கெடுத்துட்டேனே!" இருதயராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "அவளுக்கு என்ன பதில் போடட்டும் மேடம்?"

மெஹருன்னிசா இழுப்பறையிலிருந்து வெளிவேலைப் படிவம் ஒன்றை எடுத்தார். இருதயராஜின் பெயரை எழுதினார். போகும் இடம் என்ற கட்டத்தில் முப்பிடாதியின் ஊரை எழுதினார். கையெழுத்துப் போட்டு அவர் முன்னால் வைத்தார்.

"நேர்லயா? மூணு பஸ் மாறணுமே மேடம்."

"ஆமா."

"விளக்கமா மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பிடுறேனே. வேணும்னா நம்ம ஃபேஸ்புக் பக்கத்துலயும் போட்டுடலாம்."

மெஹருன்னிசா படிவத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அதை எடுக்க இருதயராஜுக்குக் கை வரவில்லை.

"நான் போனா அவளுக்குப் பட்டம் கிடைச்சிருமா மேடம்?"

"கிடைக்காது."

"அப்ப எதுக்குப் போகணும்?"

"ஆறு வருஷம் போச்சு சார். திட்டுறதுக்காவது அவ முன்னால ஒரு ஆள் நிக்க வேண்டாமா?"