ஒரு குடம் நீலம்

மொதல்ல ஏமாத்துனவ பேரைச் சொல்லிடறேன். மைத்ரேயி. மறந்துடாத. இப்போ தலைய வெச்சுப் படு. நான் நிறுத்துனா "ம்" சொல்லணும்.

"ம்."

திண்டிவனம் பக்கம் ஒரு ஊர்ல ஒரு பானை இருந்துச்சு. கழுத்து வரைக்கும் மண்ணுல பொதைச்ச பெரிய பானை. உள்ள அவுரிச் சாயம். எங்கப்பன் போட்டது, அப்புறம் நான் பாத்துக்கிட்டேன். அது உசுரோட இருந்துச்சு கண்ணு. காலையில மூடியத் தொறந்தா குபுகுபுன்னு நீல நுரை. தகரை வெதைய வேகவெச்சு ஊத்துனா குடிச்சுக்கும்.

"நாறுமா தாத்தா?"

மாட்டுக் கொட்டாய் தோத்துடும். ஆனா வெள்ளை நூலை முக்கி எடுத்தா பச்சையா வரும், காத்துப் பட்டதும் கண்ணு முன்னாடியே நீலமாயிடும்.

அப்போ பட்டணத்துலேர்ந்து மைத்ரேயி வந்தா. செவுரு அகலத்துக்குத் துணி நெய்யறவ. கட்டிக்க இல்ல, மாட்டிவெச்சுப் பாக்க. "ஐயா, நானும் பானை போடறேன், நுரைக்கவே மாட்டேங்குது"ன்னா. பாலுக்கு மோர் ஊத்தற மாதிரி, புதுப் பானைக்குப் பழைய பானைச் சாயம் ஊத்தணும். ஒரு குடம் மொண்டு குடுத்தேன். எங்கள்ல அதுக்குக் காசு வாங்கறதில்ல. "என் பானை செத்தா நீ ஒரு குடம் திருப்பித் தரணும். உனக்கு வேணாம்னாலும் எனக்குச் சொல்லாம கவுக்கக்கூடாது"ன்னேன். "கண்டிப்பா ஐயா"ன்னு கும்பிட்டா.

"ம்."

அப்புறம் ஐப்பசியில புயல். சோன்னு மூணு நாள். மழைத்தண்ணி பானைக்குள்ள பூந்துடுச்சு. தொறந்தா நுரை இல்ல, மூச்சு இல்ல. வெதை ஊத்துனேன், வெல்லம் ஊத்துனேன், சுண்ணாம்பு போட்டேன். எழுந்திருக்கலை. சுத்துவட்டாரத்துல கடன் கேக்க வேற அவுரிப் பானையும் இல்ல.

குடத்தைத் தூக்கிட்டு பஸ் ஏறுனேன். அவ வீட்டு வாட்ச்மேன், "அம்மா வெளிநாடு. குடமெல்லாம் உள்ள வராது பெருசு, தெருக்கொழாயில புடிச்சுக்க"ன்னான். தண்ணிக்கு வந்தேன்னு நெனச்சுட்டான், மூதேவி.

அப்புறம் ரெண்டாந்தடவ போனேன். தறி தடக் தடக்குன்னு ஓடுது. "இன்னும் பத்துச் சிட்டம் நூல் முக்கணும் ஐயா. இப்போ மொண்டா நெறம் மாறிடும். கண்காட்சி முடியட்டும்"னா. எனக்கு அது நியாயமாப் பட்டுச்சு. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வெறுங்குடத்தோட திரும்பிட்டேன். சாயக்காரப் புத்தி, என்னைக் கெடுத்துச்சு.

"ம்..."

மூணாந்தடவ கண்காட்சிக்கே போனேன். கூரையிலேர்ந்து தரை வரைக்கும் நீலத்துணி. பொய் சொல்ல மாட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு. "பாருங்க ஐயா, உங்க நீலம்!"னா.

"துணி கெடக்கட்டும்மா, பானை எங்க?"

"அதுவா? வேலை முடிஞ்சுதே, போன வாரம் கொட்டிக் கழுவிட்டேன். வீடெல்லாம் நாத்தம்."

"யாரைக் கேட்டு?"

"ஏன் ஐயா கோவம்? அவுரிப் பொடி இருக்கு, ரெண்டு கிலோ எடுத்துட்டுப் போங்க."

"பொடி போட்டா வராதா தாத்தா?"

அவகிட்ட போறதுக்கு முன்னாடியே போட்டுப் பாத்தேன் கண்ணு. அழுகித்தான் போச்சு. எங்கப்பன் பானை மாதிரி ஒண்ணும் எழலை.

"அப்போ நீ அழுதியா?"

இல்ல. குடத்தை அவ காலடியில டங்குன்னு வெச்சேன். "நெரப்பிக் குடு, அப்பதான் தூக்குவேன்"னேன். ரெண்டு பேர் என் கக்கத்துல கைய குடுத்து வெளிய விட்டானுங்க. குடம் அங்கயே நின்னுச்சு. வந்த ஜனம் அதையும் சுத்திச் சுத்திப் பாத்துச்சு.

"ம்... அப்புறம்?"

அப்புறம் என்ன? நாப்பது வருசமா நகக்கண்ணுல இருந்த நீலம் ரெண்டே மாசத்துல போயிடுச்சு. மண்டியில மூட்டை தூக்கறேன். போன பொங்கலுக்கு அவ ஒரு கூடை ஆப்பிள் அனுப்புனா. திருப்பி அனுப்பிட்டேன். எனக்கு வர வேண்டியது ஒரு குடம் சாயம். அது வரலை. வந்தா மிச்சக் கதையைச் சொல்றேன். நீ கண்ணை மூடு.