ஒன்பது நாள் வருஷம்

“அந்தப் பேரை எடுத்துருங்க வாத்தியாரே” என்றாள் இந்திராணி.

எத்திராஜ் கம்ப்யூட்டரை விட்டு நிமிரவில்லை. “எந்தப் பேரை?”

“சோலை பேரை.”

எத்திராஜ் வாத்தியார் இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்து, ஊராருக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கிறவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் அவர் முன்னால் போய் உட்கார்ந்தால், எத்தனை பெரிய ஆளும் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையாகிவிட வேண்டும். அதனால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

படிவத்தில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் அவர் தமிழில் கேட்பார். வந்தவர் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். சொன்னதைக் கம்ப்யூட்டரில் அடிப்பார். சொல்லாததை அடிக்க மாட்டார்.

சற்று முன்புதான் ஓர் அரிசி மில்காரர் இதற்காகச் சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார்.

“எல்லாத்தையும் நானே சொல்லணும்னா உமக்கு எதுக்குய்யா பீஸு?”

“நீங்க சொல்றதைச் சிரிக்காமக் கேட்கிறேன்ல அண்ணாச்சி, அதுக்குத்தான்.”

மில்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இந்த ஆள்கிட்ட வந்து உட்கார்ந்தா ஒரு பொய்யும் உருப்படியா வர மாட்டேங்குது” என்று முனகிக்கொண்டே படியிறங்கினார்.

இந்திராணி சிரிக்கவில்லை. சிரித்துப் பதினைந்து மாதம் ஆயிற்று.

அவள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஊரே அவளை சிஸ்டர் என்று கூப்பிடும். அக்கா என்று கூப்பிட ஒரே ஒருத்தன்தான் இருந்தான். சோலை. எட்டு வயது இளையவன். உடம்பு ஆறடி வளர்ந்தது. மனசு மூன்று வயதிலேயே நின்றுவிட்டது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டது எல்லாம் இவள்தான். இவளைப் பெண் கேட்டு இரண்டு தடவை வந்தார்கள். இரண்டு தடவையும் சோலையைப் பார்த்துவிட்டு, காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

அப்படிப்பட்ட ஒருவரை வைத்துப் பராமரிக்கிறவர்களுக்கு வரியில் கழிவு உண்டு. அதனால் வருஷா வருஷம் இந்திராணியின் படிவத்தில் ஓர் இடத்தில் சோலை வருவான். அவளைச் சார்ந்து வாழ்பவன் என்று.

“ஏன் எடுக்கணும்?” என்றார் எத்திராஜ்.

“அவன்தான் இல்லையே.”

“தெரியும் சிஸ்டர். நானும் வந்து நின்னேனே. என்னைக்குத் தவறுனாரு?”

“போன வருஷம் ஏப்ரல் ஒன்பது.”

“நாம இப்ப எழுதுற கணக்கு போன வருஷம் ஏப்ரல் ஒண்ணுல ஆரம்பிக்குது. அப்ப இந்த வருஷத்துல ஒன்பது நாள் இருந்திருக்காரு. ஒரு நாள் இருந்தாலும் முழு வருஷக் கழிவுதான். நாளை எண்ணி வெட்ட மாட்டாங்க.”

“அந்த ஒன்பது நாளும் அவன் என்கிட்ட இல்ல.”

எத்திராஜ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

“அவனைத் தூக்கித் தூக்கி என் முதுகு போயிருச்சு” என்றாள் இந்திராணி. “ஆறு வாரம் கட்டிலை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. என்ன செய்ய? ஊருக்கு வெளிய ஒரு இல்லத்துல கொண்டுபோய் விட்டேன். மார்ச் இருபத்தெட்டு. முதல் பதினஞ்சு நாள் சொந்தக்காரங்க யாரும் வரக் கூடாது, வந்தா பழக மாட்டான்னு சொன்னாங்க. சரின்னுட்டேன். அவன்கிட்ட, கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“ம்.”

“பதினஞ்சு நாள் முடியல. வலிப்பு வந்து போயிட்டான்.”

கீழே மதுரை பஸ்ஸுக்கு யாரோ ஆள் கூப்பிட்டார்கள்.

“இல்லத்துக்குப் பணம் யார் கட்டுனது?”

“நான்தான்.”

“மருந்து?”

“நான்தான்.”

“அப்ப அவர் உங்களைச் சார்ந்துதான் இருந்தாரு. சட்டம் அவ்வளவுதான் கேட்குது.”

“சட்டம் சரியாத்தான் இருக்கு வாத்தியாரே. நான்தான் சரியில்ல.”

அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த ஒன்பது நாளும் நான் நல்லாத் தூங்குனேன். தெரியுமா? எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். நடுவுல ஒரு தடவைகூட முழிப்பு வரல. ஐயோ அவன் என்ன செய்றானோன்னு ஒரு நினைப்பு வரணும்ல? வரல. முதுகை நீட்டிப் படுத்து, இப்படியே இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்னு நினைச்சேன். நினைச்ச மாதிரியே ஆயிருச்சு. இப்ப அவன் பேரைப் போட்டு நான் சலுகை வாங்கணுமா? வேணாம். எடுத்துருங்க. எவ்வளவு வரி வந்தாலும் கட்டுறேன்.”

“வரி கட்ட வந்தீங்களா சிஸ்டர், அபராதம் கட்ட வந்தீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்ல. வரி வருஷா வருஷம் வரும். அபராதம் கட்டிட்டா அந்த விஷயம் முடிஞ்சு போகும்.”

“முடியட்டுமே! அதுக்குத்தானே வந்திருக்கேன். போன வருஷத்துலருந்து வீட்டுல அவன் சட்டையை எடுத்து யாருக்காச்சும் குடுக்கலாம்னு பார்க்கிறேன், முடியல. ரேஷன் கார்டுல பேரை எடுக்கலாம்னு போறேன், பாதி வழியில திரும்பி வந்துர்றேன். இங்கேயாவது எடுத்து விடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

எத்திராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் எடுக்கவும் மாட்டேன், போடவும் மாட்டேன். என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கேட்கிறேன். நீங்க சொல்றதை அடிக்கிறேன்.”

“கேளுங்க.”

“இந்தக் கணக்கு வருஷத்துல உங்களைச் சார்ந்து வாழ்ந்த மாற்றுத்திறனாளி யாரும் உண்டா?”

இல்லை என்று சொல்லத்தான் இந்திராணி வாயைத் திறந்தாள். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. பஸ்ஸில் வரும்போது பத்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை.

வரவில்லை.

“சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு அடிச்சிர்றேன். ஒரு நிமிஷ வேலை.”

“இல்லத்துல சமையல் செய்ற அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க” என்றாள் அவள். “அவனை எடுத்துட்டு வரப் போனப்ப.”

“என்ன சொன்னாங்க?”

“எனக்குப் பகல் டூட்டின்னா மத்தியானம் ரெண்டு மணிக்கு முடியும். ரெண்டரைக்கு வீட்டுக்கு வந்துருவேன். அவன் வாசல்ல நிப்பான். அங்கேயும் தினம் ரெண்டரைக்குப் போய் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னானாம். ரோட்டுல எந்த பஸ் நின்னாலும் அக்கா, அக்கான்னு கையைத் தட்டுவானாம். பஸ் போனதும் அடுத்த பஸ்ஸைப் பார்ப்பானாம். உள்ள கூப்பிட்டா வர மாட்டானாம். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைன்னீங்களே, எப்படிம்மா டான்னு அந்த நேரத்துக்கு வந்து நின்னான்னு என்கிட்டக் கேட்டாங்க. எனக்கு என்ன பதில் தெரியும்?”

“எத்தனை நாள் நின்னாரு?”

“எல்லா நாளும்.”

“ஏப்ரல் ஒன்பது?”

“அன்னைக்கும் நின்னான். நின்னுட்டு வந்துதான் படுத்தான்.”

அவள் அழவில்லை. அழுகை வந்தால் தேவலை போலிருந்தது.

“மறுபடி கேட்கிறேன் சிஸ்டர்” என்றார் எத்திராஜ். குரலில் இரக்கம் ஒன்றும் இல்லை. மில்காரரிடம் பேசிய அதே குரல்தான். “இந்தக் கணக்கு வருஷத்துல உங்களைச் சார்ந்து வாழ்ந்தவர் யாரும் உண்டா?”

மின்விசிறி மேலே கறகறவென்று சுற்றியது.

“உண்டு” என்றாள் இந்திராணி.

அவர் அடித்தார்.

“உறவு?”

“தம்பி.”

அடித்தார். ஆதார் எண் கேட்டார். அவள் பையைத் திறக்கவில்லை. பன்னிரண்டு எண்களையும் நிறுத்தாமல் சொன்னாள். அடித்தார்.

அடுத்த பக்கத்துக்குப் போக அவர் விரல் நகர்ந்தது.

“இருங்க வாத்தியாரே” என்றாள் அவள் அவசரமாக. “முழு வருஷமும் இருந்த மாதிரி விட்டுராதீங்க. ஏப்ரல் ஒன்பது வரைக்கும்னு போடுங்க. எதுவரைக்கும்னு போட்டாத்தான் சரியா இருக்கும்.”

எத்திராஜ் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். இந்திராணி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துத் தேடினாள். பேர் இருந்தது. உறவு இருந்தது. எண் இருந்தது. மறுபடியும் மேலிருந்து தேடினாள்.

“எங்கே போடுறது அதை?”

“அப்படி ஒரு கட்டமே இதுல இல்ல, சிஸ்டர்.”